தாபமும் சம்மதமும்

ஊமைப் படக் காலத்துக் காதல் காட்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், ருடால்ஃப் வாலண்டினோ ஆடிய டாங்கோ நடனத்தை யாராவது ஒருவர் குறிப்பிடாமல் இருக்கமாட்டார். 'ஊழியின் நான்கு குதிரை வீரர்கள்' என்று தமிழில் சொல்லத்தக்க பெயருடைய அமெரிக்கப் படம் அது. 1921-ஆம் வருஷம் வெளிவந்தது. ஸ்பானிய நாவலாசிரியர் பிளாஸ்கோ இபான்யெஸின் கதை. ரெக்ஸ் இங்கிராம் டைரக்ட் செய்தார். திரைக்கதை எழுதியவர் ஜூன் மாதிஸ் என்ற பெண்மணி. அதுவரை சில்லறை வேஷங்களில் வந்துகொண்டிருந்த வாலண்டினோவைக் கதாநாயகனாகப் போட்டே தீரவேண்டும் என்று நின்றவரும் அவரே.

காட்சி இதுதான். அர்ஜெண்டினாவின் தலைநகரான புவனோஸ் ஐரிஸில், லா போகா என்ற துறைமுகப் பேட்டையில் ஒரு மதுக்கடை. புகை மண்டிய கூடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பணக்கார வீட்டுப் பேரனான ஜூலியோ, அகன்ற தொப்பியும் தொளதொளத்த கால்சட்டையுமாக எழுந்து வருகிறான். ஆடுகிறவனிடம் விலகி இடம் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறான். அவன் மறுக்கிறான். ஜூலியோ அவனை அடித்து வீழ்த்திவிட்டு, அந்தப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டு ஆடத் தொடங்குகிறான். கூட்டம் ஆரவாரம் செய்கிறது.

படம் பிரமாதமாக ஓடியது. இத்தாலியில் 1895-ல் பிறந்து, 1913-ல் நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்கி, நடனக் கூடங்களில் கூலிக்கு ஆடிப் பிழைத்த அந்த இளைஞர், ஒரே படத்தில் உலகத்தின் காதலராகிவிட்டார். அவருடன் ஆடிய பெண்ணின் பெயர் பீட்ரிஸ் டொமிங்கெஸ். படம் வெளிவந்த அதே வருஷம் அவர் காலமானார். வாலண்டினோவை ஞாபகம் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அவர் பெயரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

நானும் அந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது மயங்கித்தான் போனேன். பிறகு டாங்கோவின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, அந்த மயக்கம் கொஞ்சங் கொஞ்சமாகத் தெளிந்தது. தெளிந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அந்தக் காட்சியில் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று சிறியது, உடையைப் பற்றியது. வாலண்டினோ போட்டுக்கொண்டிருப்பது கௌச்சோ உடை. கௌச்சோக்கள் என்பவர்கள் அர்ஜெண்டினாவின் புல்வெளிகளில் குதிரை மீதிருந்து மாடு மேய்த்தவர்கள். டாங்கோ அவர்களுடைய ஆட்டமே அல்ல. அது துறைமுகத்து ஆட்டம். ஆனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு அர்ஜெண்டினா என்றால் கௌச்சோதான். 1925-ல் பிரான்சிஸ்கோ கனாரோ என்ற புகழ்பெற்ற டாங்கோ வித்வான் தம் கோஷ்டியுடன் பாரிஸுக்குப் போனபோது, பட்டணத்து வித்வான்களான அவர்கள் எல்லோரும் மாட்டுக்காரர் வேஷத்தில் மேடை ஏறி வாசிக்கவேண்டி வந்தது. இந்தப் பிழையை நாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இரண்டாவது பிழை அப்படிச் சிரித்து விடத்தக்கதல்ல. அதைப் புரிந்துகொள்ள, டாங்கோ பிறந்த இடத்துக்குச் சற்றுப் போய் வரவேண்டும்.

லா பிளாட்டா என்ற மாபெரும் நதி கடலில் கலக்கும் இடத்தில், ஒரு கரையில் புவனோஸ் ஐரிஸும் மறு கரையில் உருகுவே நாட்டின் மாண்டிவிடியோவும் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்த இரண்டு நகரங்களிலும் டாங்கோ உருவாயிற்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியார் கொட்டிய முரசுத் தாளம் ஒரு பக்கம். கியூபாவிலிருந்து வந்த ஹபனேரா மெட்டு ஒரு பக்கம். நாட்டுப்புறப் பாடகர்களின் மிலோங்கா ஒரு பக்கம். ஐரோப்பாவின் வால்ட்ஸும் போல்காவும் ஒரு பக்கம். எல்லாம் சேர்ந்து கொதித்த பானையில் பொங்கி வந்தது அது.

அந்தப் பானைக்கு அடியில் எரிந்த நெருப்பு ஜனப்பெருக்கம். 1869-ல் புவனோஸ் ஐரிஸின் ஜனத்தொகை சுமார் 1,80,000. 1914-ல் அது 15 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியர்கள், ஸ்பானியர்கள், ரஷ்யாவிலிருந்து ஓடி வந்த யூதர்கள், சிரியாக்காரர்கள். அப்படி வந்தவர்களில் ஆண்களே மிகுதி. நாலு காசு சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்று வந்தவர்கள் பலர். திரும்பாமலே போனவர்களும் பலர். நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள், ஓர் அறையில் ஒரு முழுக் குடும்பம் அல்லது ஐந்தாறு தனி ஆட்கள். அப்படிப்பட்ட ஒண்டுக் குடித்தனங்களில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு என்றால் நடனக் கூடத்தில் என்ன ஆகும்? ஒரு பெண் தன்னோடு ஆட ஒப்பவேண்டுமானால் நன்றாக ஆடத் தெரிந்திருக்கவேண்டும். ஆகவே ஆண்கள் தங்களுக்குள்ளேயே பழகிக்கொண்டார்கள். ஒருவன் பெண்ணுக்குரிய அடிகளை ஆடுவான்; பிறகு மாற்றிக்கொள்வார்கள். இருவரில் யார் எப்படி உணர்கிறார்கள் என்பதை இரண்டு பக்கமும் நின்று கற்ற ஆட்டம் அது.

அதற்கு வாய்த்த வாத்தியமும் அகதிதான். பாண்டோனியான் என்பது ஜெர்மனியில் செய்யப்பட்ட கருவி. நம் ஆர்மோனியத்தின் தம்பி என்று சொல்லலாம். மடியில் வைத்து இரண்டு கைகளாலும் விரித்து மடக்கி வாசிக்கவேண்டும். கிரெஃபெல்டு நகரத்து ஹைன்ரிக் பாண்ட் என்பவரின் பெயரால் வழங்குவது. கப்பலேறி வந்து, லா பிளாட்டாக் கரையில் தன் சொந்த ஊரை மறந்து, துக்கத்துக்குக் குரலாகிவிட்டது.

டாங்கோவின் அடிநாதம் துக்கம் என்பதை அதன் பாட்டுகளே சொல்லும். 1917-ல் கார்லோஸ் கார்டெல் என்ற பாடகர், காதலி விட்டுப் போய்விட்ட ஒருவன் தன் அறையில் தனியாகக் கிடந்து புலம்புவதாக ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். டாங்கோப் பாட்டின் சரித்திரம் அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான பாட்டுகளிலும் போனவள், போன ஊர், போன இளமை இவைதான் விஷயம். நம் பழைய இலக்கணக்காரர்களிடம் இவற்றைக் கொடுத்தால் குறிஞ்சியில் சேர்க்கமாட்டார்கள், பாலையில்தான் சேர்ப்பார்கள்.

இதனால் டாங்கோ உலகம் பரிசுத்தமானவர்களின் உலகம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அது வளர்ந்த இடங்களில் விலைமாதர் விடுதிகளும் உண்டு. கத்திக் குத்தும் உண்டு. துரோகம் செய்தவளைக் குத்திவிட்டேன் என்று பெருமை பேசும் பாட்டுகளும் உண்டு. ஆனால் பாட்டில் எது இருந்தாலும், ஆடும் தளத்தில் ஒரு சட்டம் மெல்ல மெல்ல ஏற்பட்டது. அந்தச் சட்டம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

புவனோஸ் ஐரிஸின் பழைய நடனக் கூடங்களில், ஓர் ஆண் பெண்ணின் மேஜைக்குப் போய்க் கையை நீட்டுவது நாகரிகமல்ல. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவன் பார்க்கவேண்டும். அவளும் பார்த்தால், இலேசாகத் தலையை அசைக்கவேண்டும். அவளுக்கு இஷ்டமானால் தானும் தலையசைப்பாள். இஷ்டமில்லையா? பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். விஷயம் அவ்வளவோடு முடிந்தது. பக்கத்து மேஜைக்காரனுக்குக்கூடத் தெரியாது. மறுக்கப்பட்டவனுக்கு அவமானமில்லை, மறுத்தவளுக்குச் சங்கடமில்லை. பெண்ணும் இதே முறையில் தன் பார்வையால் அழைக்கலாம். ஸ்பானிய மொழியில் இதற்குக் கபெஸேயோ என்று பெயர். தலையசைப்பு என்று பொருள்.

ஆட்டம் தொடங்கிய பின்பும் கேள்வி நிற்பதில்லை. டாங்கோவில் முன்கூட்டி அமைத்த அடிவரிசை கிடையாது. அவன் தன் மார்பின் அசைவால் ஓர் அடியைச் சொல்கிறான். அவள் அதைக் கேட்டு, தன் நேரத்தில் அதை எடுத்து வைக்கிறாள். அவள் அடி முடியும் வரையில் அவன் காத்திருக்கவேண்டும். காத்திருக்கத் தெரியாதவனை நல்ல ஆட்டக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் நெஞ்சோடு நெஞ்சாக நின்று, அடிக்கு அடி கேட்டும் பதில் சொல்லியும் கூடத்தைச் சுற்றி வருகிறார்கள். அதிலுள்ள தாபம் முழுவதும் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலுள்ள கணநேரத்தில் இருக்கிறது.

வாலண்டினோவின் படம் செய்த பெரிய பிழை இப்போது விளங்கும். கேட்டுப் பெறும் ஆட்டத்தை அது பறித்துக்கொள்ளும் ஆட்டமாகக் காட்டிவிட்டது. இரண்டு ஆண்களின் சண்டை முடிந்ததும் அந்தப் பெண் ஜெயித்தவனுக்குச் சொந்தமாகிவிடுகிறாள்.

படக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. டாங்கோ ஐரோப்பாவுக்கு வந்தபோதே அபவாதத்தோடுதான் வந்தது. 1913-ல் ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம், தம் ராணுவ அதிகாரிகள் சீருடையில் டாங்கோ ஆடக்கூடாது என்று உத்தரவு போட்டார். 1914 ஜனவரியில் பாரிஸ் நகரத்துக் கார்டினல் அமெத் அதைப் பாவமென்று கண்டித்தார். பெரியவர்கள் அந்த அணைப்பை மட்டும் பார்த்துப் பயந்தார்கள். தடுக்கத் தடுக்க ஜனங்களுக்கு ஆசை பெருகிற்று. பயந்தவர்களும் ஆசைப்பட்டவர்களும் பார்த்தது ஒரே அணைப்பைத்தான். அதற்கு முன் நடந்த தலையசைப்பை இரு தரப்பாரும் பார்க்கவில்லை. சினிமா இந்தக் கண்களைத்தான் இரவல் வாங்கிக்கொண்டது.

அர்ஜெண்டினாக்காரர்கள் தாங்களே படத்தில் டாங்கோவைச் சொன்னபோது அது வேறு விதமாக இருந்தது. கார்டெல் 1931-ல் பாரிஸுக்கு அருகில் ஒரு பேசும் படத்தில் நடித்தார். அவர் குடித்துவிட்டுத் தன் தோல்வியைப் பாடும் இடம் வந்ததும், ரசிகர்கள் படத்தை நிறுத்தி அந்தச் சுருளை மறுபடி ஓட்டச் சொல்லிக் கூச்சலிட்டார்கள் என்று சொல்வதுண்டு. 1935-ல் நியூயார்க்கில் எடுத்த படத்தில் செய்தித்தாள் விற்கும் பையனாக ஒரு சிறுவன் வந்துபோகிறான். பிற்காலத்தில் டாங்கோ இசையையே புதிதாக்கிய அஸ்டோர் பியாஸோலா அவன்தான். அந்த வருஷம் ஜூன் 24-ந் தேதி கொலம்பியாவில் மெடலின் நகரத்து விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் கார்டெல் இறந்தார். அவர் படங்களில் கதாநாயகன் பெண்ணைப் பறித்துக்கொண்டு ஜெயிப்பதைவிட, இழந்துவிட்டுப் பாடுவதுதான் ஜனங்கள் மனத்தில் தங்கியது.

ஹாலிவுட்டும் ஒரு தடவை உண்மையைத் தொட்டிருக்கிறது. 1950-ல் பில்லி வைல்டர் எடுத்த 'ஸன்ஸெட் புலிவார்ட்' படத்தில். மறக்கப்பட்டுவிட்ட ஊமைப் பட நட்சத்திரம் ஒருத்தி, புது வருஷத்துக்கு முந்தின இரவு தன் மாளிகையில் வாத்தியக் கோஷ்டியை அமர்த்தி விருந்து வைக்கிறாள். அழைக்கப்பட்ட விருந்தாளி ஒரே ஒருவன்தான். அவளை அண்டிப் பிழைக்கும் இளம் எழுத்தாளன். தரைக்கு ஓடு பதிக்கச் சொன்னவர் வாலண்டினோ என்று அவள் அவனிடம் பெருமையோடு சொல்கிறாள். வெறும் கூடத்தில் இருவரும் டாங்கோ ஆடுகிறார்கள். அந்த வேஷம் போட்ட குளோரியா ஸ்வான்ஸன், 1922-ல் வாலண்டினோவுக்கு மெய்யாகவே ஜோடியாக நடித்தவர். பணம் கொடுத்தும் வாங்க முடியாத ஒன்றுக்காக அவள் ஏங்குகிறாள். வாலண்டினோவின் டாங்கோவுக்கு இருபத்தொன்பது வருஷம் கழித்து எழுதிய மறுப்புரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி சொல்லப்போவது மனத்துக்கு வருத்தமான விஷயம். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

1972-ல் இத்தாலிய டைரக்டர் பெர்னார்டோ பெர்டோலுச்சி 'பாரிஸில் கடைசி டாங்கோ' என்ற படத்தை எடுத்தார். பெயரில் டாங்கோ இருக்கிறதே தவிர, படத்தில் நடனம் கொஞ்சந்தான். ஒரு போட்டி மண்டபத்தில் ஜோடிகள் பொம்மைகளைப் போல விறைப்பாக ஆடிக்கொண்டிருக்க, நாயகனும் நாயகியும் போதையில் நடுவே புகுந்து அதைக் குலைக்கிறார்கள். நாயகன் மார்லன் பிராண்டோ. வயது நாற்பத்தெட்டை ஒட்டி. நாயகி மரியா ஷ்னைடர், வயது பத்தொன்பது. தாபத்தை இதைவிட உண்மையாக யாரும் திரையில் காட்டியதில்லை என்று பெரிய விமரிசகர்கள் எழுதினார்கள். இத்தாலியில் வழக்கு நடந்து, 1976-ல் உச்ச நீதிமன்றம் படத்தின் பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. 1987-ல்தான் அங்கே படம் மறுபடி திரைக்கு வர முடிந்தது.

அத்தனை வருஷமும் வாதம் ஒழுக்கத்தைப் பற்றியும் கலையின் சுதந்திரத்தைப் பற்றியும் நடந்தது. அந்தப் பெண்ணிடம் போய் விசாரித்தவர்கள் குறைவு. 2007-ல் அவர் ஒரு பேட்டியில் மனம் திறந்து சொன்னார். படத்தில் வரும் ஒரு பலாத்காரக் காட்சி அந்த உருவில் எழுத்தில் இருந்ததல்ல. படமெடுக்கும் சமயத்தில்தான் தமக்குச் சொன்னார்கள். நடந்தது நடிப்புத்தான் என்றாலும் தாம் அழுத அழுகை நடிப்பல்ல, அவமானப்பட்டேன் என்றார். 2011-ல் ஐம்பத்தெட்டாவது வயதில் அவர் இறந்தார். 2013-ல் பெர்டோலுச்சியே ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். அந்தக் காட்சியின் முக்கியமான ஒரு விவரத்தை வேண்டுமென்றே அவரிடம் மறைத்ததாகவும், நடிகையின் நடிப்பு வேண்டாம், ஒரு பெண்ணின் நிஜமான உணர்ச்சி வேண்டும் என்று எண்ணியதாகவும் சொன்னார். குற்ற உணர்வு உண்டு, ஆனால் செய்ததற்காக வருந்தவில்லை என்பது அவர் பதில். 2024 டிசம்பரில் பாரிஸ் சினிமாக் காப்பகம் அந்தப் படத்தைத் திரையிட ஏற்பாடு செய்தபோது, எதிர்ப்பு எழுந்து காட்சியையே ரத்து செய்ய நேர்ந்தது.

வாலண்டினோவின் படத்தில் பெண்ணிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டது ஒரு கதாபாத்திரம். இங்கே எடுத்துக்கொண்டவர்கள் கதாபாத்திரங்கள் அல்லர். கேட்டால் உணர்ச்சி பொய்யாகிவிடும் என்று ஒரு கலைஞர் நம்பினார். கேட்பதிலேயே தன் உணர்ச்சி முழுவதையும் வைத்திருக்கும் ஒரு நடனத்தின் பெயரை அவர் தம் படத்துக்கு வைத்திருந்தார்.

நல்ல வேளையாகக் கதை அதோடு முடியவில்லை. 1992-ல் 'ஸென்ட் ஆஃப் எ உமன்' என்ற படம் வந்தது. கண் பார்வையிழந்த ராணுவ அதிகாரியாக அல் பாசினோ. ஹோட்டல் ஒன்றில், நண்பனுக்காகக் காத்திருக்கும் ஓர் இளம்பெண்ணிடம் அவர் அனுமதி கேட்டு உட்காருகிறார். டாங்கோ ஆட ஆசைதான், ஆனால் தப்புச் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறாள் அவள். கால் பின்னிக்கொண்டால் மேலே ஆடிக்கொண்டே போகவேண்டியதுதான் என்று அவர் பயத்தைப் போக்குகிறார். தளத்தின் நீள அகலத்தைக் கூட இருக்கும் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஆடுகிறார். வாத்தியம் வாசிப்பது 1935-ல் கார்டெல் மெட்டமைத்த பாட்டு. கண் தெரியாதவரால் தலையசைக்க முடியாது. ஆகவே வாயால் கேட்டார். கண்ணுள்ள எத்தனையோ கதாநாயகர்களுக்கு அது தோன்றவில்லை. பாசினோவுக்கு அந்த வேஷத்துக்காக ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

1997-ல் இரண்டு படங்கள். ஒன்று, ஸாலி பாட்டர் என்ற ஆங்கிலேயப் பெண் டைரக்டர் எடுத்து, தாமே நடித்த 'டாங்கோ பாடம்'. பாப்லோ வெரோன் என்ற அர்ஜெண்டின நடனக்காரரிடம் அவர் ஆடக் கற்கிறார். பதிலுக்கு அவரைத் தம் படத்தில் நடிக்க வைப்பதாகச் சொல்கிறார். ஆட்டத்தில் அவன் சொல்வதை அவள் கேட்கவேண்டும். படத்தில் அவள் சொல்வதை அவன் கேட்கவேண்டும். இரண்டு பேருக்கும் அது கசக்கிறது. நடத்துவது என்றால் என்ன, இணங்குவது என்றால் என்ன என்று பெண்ணின் பக்கமிருந்து கேட்ட டாங்கோப் படம் அது.

மற்றொன்று, ஹாங்காங் டைரக்டர் வோங் கார்-வாயின் 'ஹாப்பி டுகெதர்'. கதை நடப்பது புவனோஸ் ஐரிஸில். ஒருவரையொருவர் நேசித்து, பிரிந்து, மறுபடி சேரும் இரண்டு ஹாங்காங் ஆண்கள். ஊர் திரும்பக் காசில்லை. ஓர் ஏழை விடுதியின் அழுக்குப் பிடித்த சமையலறையில் இருவரும் அணைத்துக்கொண்டு மெல்ல டாங்கோ ஆடுகிறார்கள். பியாஸோலாவின் இசை கேட்கிறது. ஆட்டம் திறமையான ஆட்டமல்ல. ஆனால் கடல் தாண்டி வந்து, கையில் காசில்லாமல், பிறர் வீட்டு அறையில், ஆணோடு ஆண் ஆடிய அந்த முதல் குடியேறிகளை நான் திரையில் கண்டது அந்தச் சமையலறையில்தான்.

2009-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம், அர்ஜெண்டினாவும் உருகுவேயும் சேர்ந்து கேட்டபடி, டாங்கோவை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவும் எழுதிய பிறகு என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுவது நியாயம். என் ஆரம்ப காலத் தொடர்கதை ஒன்றில், மழை கொட்டும் ஓர் இரவில் கதாநாயகன் கோபத்தோடு நாயகியின் கையைப் பற்றி இழுத்து மார்போடு அணைத்துக்கொள்வான். "சிறிது திமிறினாள், பிறகு அடங்கினாள்" என்று எழுதியிருந்தேன். அந்த அத்தியாயத்துக்குப் பாராட்டுக் கடிதங்கள் நிறைய வந்தன. அவற்றோடு ஒரு வாசகியின் தபால் கார்டும் வந்தது. இரண்டே வரி. அவள் அடங்காமல் இருந்திருந்தால் உங்கள் கதாநாயகன் என்ன செய்திருப்பான் என்று கேட்டிருந்தார். ஏதோ பொல்லாத பெண்மணி என்று எண்ணி நான் பதில் போடவில்லை.

வாலண்டினோவின் காட்சியை இரண்டாந் தடவை பார்த்தபோது, அடிபட்டு விழுந்தவனை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தத் தபால் கார்டு ஞாபகத்துக்கு வந்தது. விலாசம் இப்போது என்னிடம் இல்லை. ஆகையால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்: எனக்குத் தெரியவில்லை, அம்மா. எழுதியபோது நான் அவளைக் கேட்கவே இல்லை.